குறைந்த தீவிரம் என்றால் குறைந்த அக்கறையா? உரையாடல் சிகிச்சையின் படிகள்

ஆஸ்பத்திரி சம்பந்தமாக ‘தீவிரம்’ என்று காதில் விழுந்தாலே நமக்கு ஐசியு ஞாபகம்தான் வரும். தீவிர சிகிச்சைப் பிரிவு என்றால் கண்ணாடிக் கதவு, வெளியே பெஞ்சில் கவலையோடு உட்கார்ந்திருக்கும் சொந்தபந்தம். ஆகவே ஒருவருக்குக் ‘குறைந்த தீவிர’ சிகிச்சை என்று சொன்னால், ‘அப்படியா, பெருசா ஒண்ணும் இல்ல’ என்றுதான் மனசு அர்த்தம் பண்ணிக்கொள்ளும்.

இங்கிலாந்தில் வாழும் வாசகி ஒருவர் போன மாதம் எழுதிய மின்னஞ்சலில் இந்தக் குழப்பம் அப்படியே இருந்தது. “டிப்ரெஷன்னு போனேன். குறைந்த தீவிர சிகிச்சைன்னு முடிவு பண்ணியிருக்காங்க. வாரம் ஒரு தடவை போன்ல அரை மணி நேரம், கூட ஒரு பயிற்சிப் புத்தகம். அப்போ என் கஷ்டத்தை அவங்க சின்னதா எடுத்துக்கிட்டாங்களா? நான் போகவா, விட்டுடவா?”

அவருக்கு எழுதிய பதிலை விரித்து எழுதியதுதான் இந்தக் குறிப்பு. நான் மருத்துவன் அல்ல, இந்தத் துறையில் வருவதைத் தொடர்ந்து வாசிப்பவன். சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தச் சொல் அளப்பது உங்கள் துயரத்தின் அளவை அல்ல, சிகிச்சை தருபவர் உங்களோடு செலவிடும் நேரத்தின் அளவை. போங்க, விட்டுடாதீங்க. ஆனால் போகும்போது சில கேள்விகளோடு போங்க.

தமிழில் ‘பேச்சு சிகிச்சை’ என்றால் திக்குவாய்க்கும் பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு வராதவர்களுக்கும் தரும் பயிற்சி என்று ஆகிவிட்டது. அதனால் மனநலத்துக்காகப் பேசிச் செய்யும் சிகிச்சையை இங்கே ‘உரையாடல் சிகிச்சை’ என்றே எழுதுகிறேன்.

ஒரு பொருளாதார அறிஞரும் ஓர் உளவியலாளரும்

2003-ல் பிரிட்டிஷ் அகாடமியில் நடந்த ஒரு தேநீர் விருந்தில் ரிச்சர்ட் லேயார்டும் டேவிட் கிளார்க்கும் சந்தித்தார்கள். லேயார்ட் பொருளாதார அறிஞர், வேலையின்மை பற்றியும் மகிழ்ச்சி பற்றியும் ஆராய்ந்தவர். கிளார்க் பதற்றக் கோளாறுகளுக்கான சிகிச்சையில் பெயர் பெற்ற உளவியலாளர். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நன்றாக வேலை செய்யும் உரையாடல் சிகிச்சைகள் இருந்தன. பிரிட்டனில் எந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கிறது என்று எடைபோட்டுச் சொல்லும் நைஸ் அமைப்பும் 2004-ல் அவற்றைப் பரிந்துரைத்தது. தருவதற்கு ஆள்தான் இல்லை. ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் போனால் மாத்திரை கிடைக்கும். தெரபிஸ்டைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

லேயார்ட் வைத்த வாதம் எளிமையானது. மனச்சோர்வால் ஒருவர் வேலையை விட்டால் அரசுக்கு வரி போகும், உதவித்தொகைச் செலவு ஏறும். ஒருவருக்கு ஒரு சுற்று சிகிச்சை தர ஆகும் செலவு சுமார் 750 பவுண்டு என்று 2006-ல் வெளிவந்த அவர்கள் அறிக்கை கணக்குப் போட்டது. குணமானவர் வேலைக்குத் திரும்பினால் அந்தக் காசு அரசுக்கே திரும்பி வந்துவிடும் என்பது வாதம்.

அரசு இரண்டு ஊர்களில் சோதித்துப் பார்த்தது. ஒன்று வடக்கே டான்காஸ்டர், பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதி. இன்னொன்று கிழக்கு லண்டனின் நியூஹாம். ஈழத்தமிழர் கடைகளும் கோயில்களும் நிறைந்த ஈஸ்ட் ஹாம் இந்த நியூஹாமில்தான் இருக்கிறது.

இரண்டு ஊரும் இரண்டு வழியில் போயின. டான்காஸ்டரில் பெரும்பாலானோருக்குத் தொலைபேசி வழியாக, வழிகாட்டியோடு கூடிய சுய உதவி. நியூஹாமில் தொடக்கத்தில் நேரில் உட்கார்ந்து தரும் முழு நீள சிகிச்சைக்கே முக்கியத்துவம். குறைந்தது இரண்டு அமர்வுகளுக்காவது வந்தவர்களை எடுத்துப் பார்த்தால், இரண்டு ஊர்களிலும் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் குணமடைந்திருந்தார்கள். அமர்வு நீளமும் முறையும் அவ்வளவு மாறியும் முடிவு கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்றது.

நியூஹாமில் இன்னொன்றும் தெரிய வந்தது. மருத்துவர் கடிதம் இல்லாமல் நேரடியாக வரலாம் என்று கதவைத் திறந்து வைத்ததும், அப்படி வந்தவர்களின் துயரம் மருத்துவர் அனுப்பியவர்களின் துயரத்துக்குக் குறைவாக இல்லை. பிரச்சினையோடு அவர்கள் வாழ்ந்த காலமும் அதிகம். அந்தப் பகுதியின் இனக் கலவையும் அவர்களிடம்தான் சரியாகப் பிரதிபலித்தது. ‘டாக்டர்கிட்ட போய் மனசு சரியில்லன்னு எப்படிச் சொல்றது’ என்று தயங்கிக் கிடந்தவர்கள் தாமாகவே வந்தார்கள்.

2008-ல் திட்டம் இங்கிலாந்து முழுவதும் விரிந்தது. 2023 ஜனவரியில் அதன் பெயர் ‘என்எச்எஸ் டாக்கிங் தெரபீஸ்’ என்று மாறியது. இன்று ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதன் வழியாகச் சிகிச்சை தொடங்குகிறார்கள்.

அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

இந்தத் திட்டத்தில் சிகிச்சைகளைப் படிகளாக அடுக்கியிருக்கிறார்கள். முதல் படி, குடும்ப மருத்துவர் பிரச்சினையை அடையாளம் காண்பது. இரண்டாவது படி குறைந்த தீவிரம், மூன்றாவது அதிக தீவிரம். அதற்கும் மேலே சிறப்பு மனநலப் பிரிவுகள்.

இரண்டாம் படியில் உங்களோடு பேசுபவர் ‘உளநலப் பணியாளர்’ என்ற வகையைச் சேர்ந்தவர். பலரும் உளவியல் பட்டதாரிகள். இந்த வேலைக்கென்றே சுமார் ஓராண்டுப் பயிற்சி பெற்றவர்கள். ஒரு அமர்வு சுமார் 30 நிமிடம். மொத்தம் பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அமர்வுகள். போனில், வீடியோவில், நேரில், சிறு குழுவாக, அல்லது இணையப் பாடத்திட்டத்தோடு என்று பல வடிவங்கள் உண்டு.

அவர் உங்கள் பால்யத்தைத் தோண்டமாட்டார். வேலையின் பெரும்பகுதி இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஏழு நாட்களில் நடக்கிறது, அதைச் செய்பவர் நீங்கள். அவருடைய பங்கு பயிற்சியாளருடையது.

மனச்சோர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். மனசு சரியில்லை, அதனால் வெளியே போவதில்லை. போகாததால் சந்தோஷம் தரும் எதுவும் நடப்பதில்லை, அதனால் மனசு இன்னும் கீழே போகிறது. ‘மனசு சரியானதும் போய்க்கலாம்’ என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது. செயலைத் தூண்டும் சிகிச்சை இந்தச் சுழலை மறுமுனையிலிருந்து வெட்டுகிறது. விட்டுப்போன வேலைகளை மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்வார்கள். அன்றாட வேலைகள் (குளிப்பது, சமைப்பது), தள்ளிப்போட்டால் சிக்கலாகும் வேலைகள் (மின் கட்டணம், வேலை இடத்துக்குப் பதில் கடிதம்), பிடித்த வேலைகள் (தோழியோடு டீ, பாட்டு, தோட்டம்). பிறகு அவற்றை எளியது, நடுத்தரம், கடினம் என்று வரிசைப்படுத்தி, எளியதை எடுத்து நாளும் நேரமும் இடமும் குறித்துச் செய்யவேண்டும். ‘கொஞ்சம் நடக்கணும்’ என்று எழுதினால் ஏற்கமாட்டார்கள். ‘செவ்வாய் காலை 10 மணிக்கு, பூங்கா வரை, 15 நிமிடம்’ என்று எழுதவேண்டும். மனசு ஒத்துழைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், எழுதியபடி செய்வதே பயிற்சி.

ஓயாத கவலைக்கு வேறு பயிற்சி. ‘இன்னைக்கே ஏதாவது செய்யமுடியும்’ என்ற கவலை ஒரு பக்கம், ‘ஒருவேளை இப்படி ஆயிட்டா?’ என்ற கவலை மறுபக்கம். முதல் வகைக்குப் படிப்படியாகத் தீர்வு தேடும் முறை. இரண்டாவது வகையை எழுதி வைத்துவிட்டு, தினம் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் எடுத்துப் பார்ப்பது.

கேட்கும்போது ‘இதுக்கு எதுக்கு தெரபி, எங்க பாட்டியே சொல்வாங்களே’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பாட்டி சொன்னால் நாம் செய்யமாட்டோம், அதுதான் விஷயம். அடுத்த வாரம் ஒருவர் அழைத்து ‘செவ்வாய்க்கிழமை என்ன ஆச்சு?’ என்று கேட்பார், முடியலைன்னு சொன்னால் திட்டாமல் படியை இன்னும் சின்னதாக்கித் தருவார். யாரும் கூட வராமல் படிக்கும் புத்தகத்தைவிட, இப்படி ஆள் துணையோடு வரும் புத்தகத்துக்கு வலு அதிகம்.

ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

மூன்றாம் படியில் 50 முதல் 60 நிமிட அமர்வுகள். பிரச்சினையைப் பொறுத்து 12 முதல் 20 வாரங்கள் வரை போகலாம். அதிகம் தரப்படுவது சிபிடி எனப்படும் எண்ண-நடத்தைச் சிகிச்சை. மனச்சோர்வுக்கு அது தவிர உறவுகளை மையப்படுத்தும் சிகிச்சை, தம்பதியர் சிகிச்சை, கவுன்சலிங், குறுகிய கால உளவியக்கச் சிகிச்சை ஆகியவையும் உண்டு.

இங்கே புத்தகப் பயிற்சியால் எட்டமுடியாத இடத்துக்குப் போகிறார்கள். சமூகப் பதற்றம் உள்ளவர் ‘பேசும்போது என் கை நடுங்குறதை எல்லாரும் பார்க்குறாங்க’ என்று நம்புவார். அதை மறைக்க டம்ளரை இறுக்கிப் பிடிப்பார், கண்ணைப் பார்க்கமாட்டார். தெரபிஸ்ட் அவரை இரண்டு விதமாகப் பேசவைப்பார்: ஒருமுறை அந்த மறைப்புகளோடு, ஒருமுறை அவை இல்லாமல். பிறகு வீடியோவைப் போட்டுக் காட்டுவார். தான் உள்ளே உணர்ந்த நடுக்கம் வெளியே அவ்வளவாகத் தெரியவில்லை என்பதையும், மறைக்கப் போய்த்தான் தான் விறைப்பாகத் தெரிந்தோம் என்பதையும் அவரே பார்ப்பார். இதைப் போனில் அரை மணி நேரத்தில் செய்யமுடியாது. கொடும் நிகழ்வொன்றின் நினைவு துரத்துபவரோடு அந்த நினைவுக்குள் போய்ப் பத்திரமாகத் திரும்பி வருவதற்கு இன்னும் அதிகத் திறனும் நேரமும் வேண்டும்.

ஆகவே எல்லோரும் இரண்டாம் படியில்தான் தொடங்கவேண்டும் என்பதில்லை. சமூகப் பதற்றத்துக்கும், கொடும் நிகழ்வுக்குப் பின்னான மன அழுத்தக் கோளாறுக்கும் நேராக மூன்றாம் படி. பைபோலார், மனச்சிதைவு, உடனடி உயிராபத்து போன்றவை இந்தத் திட்டத்துக்கு வெளியே, சிறப்புப் பிரிவுகளின் வேலை.

படிமுறையின் இரண்டு விதிகள்

படிமுறைக்கு அடிப்படை இரண்டு விதிகள்தான். ஒன்று, பலன் தரக்கூடிய சிகிச்சைகளில் வாழ்க்கையை மிகக் குறைவாகத் தொந்தரவு செய்வதை முதலில் கொடு. இரண்டு, அது வேலை செய்கிறதா என்று தொடர்ந்து பார், செய்யவில்லை என்றால் உடனே மாற்று.

முதல் விதி சிக்கனம் என்று தோன்றலாம். சிக்கனமும்தான். ஆனால் எட்டு அரை மணி நேரத்தில் தேறக்கூடிய ஒருவரை இருபது ஒரு மணி நேரங்களுக்கு வரவைப்பது அவருக்கும் சுமை, பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் சுமை.

இரண்டாம் விதிக்காகத்தான் ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னால் அந்தக் கேள்வித்தாள்கள். மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9: ஒன்பது கேள்விகள், 0 முதல் 27 வரை மதிப்பெண். பதற்றத்துக்கு ஜிஏடி-7: ஏழு கேள்விகள், 0 முதல் 21 வரை. முதலாவதில் 10-ஐயும் இரண்டாவதில் 8-ஐயும் எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். ஏதாவது ஒன்றில் கோட்டுக்கு மேலே தொடங்கி, முடிவில் இரண்டிலும் கோட்டுக்குக் கீழே வந்தால் ‘குணம்’ என்று கணக்கு. ‘ஒவ்வொரு வாரமும் அதே கேள்வியா?’ என்று சலிப்பு வரும். உண்மையைவிட நல்லபடியாகப் போட்டு அனுப்பாதீர்கள். உங்களை மேல்படிக்கு நகர்த்தும் தகவல் அதில்தான் இருக்கிறது.

கடும் துயரத்துக்கு லேசான சிகிச்சையா?

வாசகியின் கேள்வியின் அடியில் இருந்த பயம் இதுதான். 2013-ல் பிஎம்ஜே இதழில் பீட்டர் பௌவரும் சக ஆய்வாளர்களும் 16 ஆய்வுகளில் பங்கேற்றவர்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து இதைப் பார்த்தார்கள். தொடக்கத்தில் மனச்சோர்வு அதிகமாக இருந்தவர்களும் குறைந்த தீவிரச் சிகிச்சையால் மற்றவர்களுக்குக் குறையாத அளவு பலன் பெற்றிருந்தார்கள்.

இந்தியாவிலிருந்தும் ஒரு சான்று உண்டு. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழுவினர் செய்த ஆய்வு 2017-ல் லான்செட் இதழில் வந்தது. மனநலத்தில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மேலே சொன்ன அதே செயல் தூண்டும் முறையை ஆறிலிருந்து எட்டு அமர்வுகளில் தரவைத்தார்கள். பங்கேற்ற 495 பேரும் லேசான சோர்வுள்ளவர்கள் அல்ல. பிஎச்க்யூ-9-ல் 15-க்குக் குறையாதவர்கள். மூன்று மாதத்தில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். இது இல்லாமல் வழக்கமான மேம்பட்ட கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

இதை வைத்து எல்லோருக்கும் சின்ன சிகிச்சை போதும் என்று சொல்லிவிடவும் கூடாது. நைஸ் அமைப்பின் 2022 வழிகாட்டுதல் பிஎச்க்யூ-9-ல் 16-க்குக் கீழ் இருப்பவர்களுக்குத்தான் வழிகாட்டியோடு கூடிய சுய உதவியை முதலில் யோசிக்கச் சொல்கிறது. அதற்கு மேல் இருந்தால் முழு நீளச் சிகிச்சைகள், மருந்து, அல்லது இரண்டும் சேர்த்து. எந்த நிலையிலும் நோயாளியின் விருப்பத்தைக் கேட்டே முடிவு எடுக்கவேண்டும் என்கிறது.

ஏணி எங்கே உடைகிறது?

காகிதத்தில் அழகான ஏணி. நடைமுறையில் இரண்டு இடத்தில் கால் சறுக்குகிறது.

ஒன்று, கணக்கு. குறைந்தது இரண்டு சிகிச்சை அமர்வுகளுக்கு வந்தவர்களைத்தான் குண விகிதத்தில் சேர்க்கிறார்கள். அந்தக் கணக்கில் இலக்கு 50 சதவீதம், திட்டம் அதைச் சுற்றியே நிற்கிறது. ஒரே அமர்வோடு ‘இது எனக்கில்ல’ என்று போனவர் அதில் வரமாட்டார். ஏழைகள் அதிகம் வாழும் பகுதிகளிலும் சிறுபான்மை இனத்தவரிடமும் குண விகிதம் சராசரியைவிடக் குறைவாக இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இரண்டு, காத்திருப்பு. நூற்றுக்கு 75 பேர் 6 வாரத்துக்குள், 95 பேர் 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது விதி. அந்தக் கடிகாரம் முதல் அமர்வோடு நின்றுவிடுகிறது. முதல் அமர்வுக்கும் இரண்டாவதுக்கும் இடையே 90 நாளுக்கு மேல் காத்திருப்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேரைத் தாண்டக்கூடாது என்று பிறகு ஒரு தனி அளவுகோல் வைக்கவேண்டி வந்ததே பிரச்சினை எங்கே என்று காட்டிவிடுகிறது. இரண்டாம் படியில் பலன் இல்லாமல் மூன்றாம் படிக்கு அனுப்பப்படுபவர் புதிய வரிசையில் நின்றால், ‘உடனே மாற்று’ என்ற இரண்டாம் விதி செத்துவிடும். அது செத்தால் முதல் விதி வெறும் சிக்கனம்தான்.

ஏணியின் உடைப்பைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கீழ்ப்படியிலேயே மனசு விட்டுப்போய், ‘தெரபி எல்லாம் பார்த்தாச்சு, எனக்கு வேலைக்காகல’ என்று வாழ்நாள் முழுக்க நம்பிக்கொண்டிருப்பது. அவர் பார்த்தது ஒரு படியை மட்டுமே. ஆனால் அவர் திரும்பி வரமாட்டார்.

கேட்டுவிட்டு வாருங்கள்

வாசகிக்கு நான் எழுதிய கேள்விகள் இவை. முதல் அழைப்பிலேயே கேட்கலாம், தப்பே இல்லை.

எனக்கு ஏன் இந்தப் படி? என் பிரச்சினைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

எத்தனை அமர்வு, எத்தனையாவது அமர்வில் பலனைச் சேர்ந்து பார்ப்போம்?

பலன் இல்லையென்றால் அடுத்து என்ன? அதற்கு எவ்வளவு நாள் காத்திருக்கணும்?

போன் வேண்டாம், நேரில் வரலாமா? ஆங்கிலத்தில் மனசைச் சொல்லவராது, தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா? (வீட்டு ஆளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். புருஷன் முன்னாலோ மகள் முன்னாலோ சொல்லமுடியாததுதான் பல நேரம் முக்கியமான விஷயம்.)

இன்னொன்று. பிஎச்க்யூ-9-ன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னையே காயப்படுத்திக்கொள்வது பற்றியோ எண்ணம் வருகிறதா என்பது. எல்லோரிடமும் கேட்கிறார்கள். வருகிறது என்றால் ‘வருது’ என்றே போடுங்கள். எண்ணம் கடுமையாகிவிட்டால் அடுத்த அமர்வு வரை காத்திருக்கவேண்டாம். இங்கிலாந்தில் 111-ஐ அழைத்து மனநலத்துக்கான 2-ஐ அழுத்தலாம். சமாரிட்டன்ஸ் எண் 116 123. உயிருக்கு ஆபத்து என்றால் 999. இந்தியாவில் இருப்பவர்களுக்கு டெலி மானஸ் 14416.

வாசகி பதில் எழுதினார். மூன்றாவது அழைப்பு முடிந்திருக்கிறதாம். ‘நான்காவதுல சேர்ந்து பார்ப்போம், முன்னேற்றம் இல்லன்னா மேல அனுப்புறேன்’ என்று அந்தப் பணியாளரே தேதியோடு சொல்லியிருக்கிறார். புத்தகத்தில் செவ்வாய்க்கிழமைக்கு எழுதியதைச் செய்தாராம், வியாழக்கிழமைக்கு எழுதியது நடக்கவில்லையாம். இரண்டையும் சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.